வாசகர் கேள்வி – பதில்: சிரிக்கப்பட்டவர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருந்தும், ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. ஏதோ ஒன்றில் அளவுகடந்த ஈடுபாடு கொண்டவர்கள், தம்மைப் போலவே ஈடுபாடு கொண்ட இன்னொருவரை ஏன் இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்பதே அந்த விடயம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கங்களை முழுமையாக இதற்கே தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படியே தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் இடைவேளையின்போது கணினி அறைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். கைத்தொலைபேசியில் பப்ஜி என்ற விளையாட்டை விளையாடுகிற நாங்கள், அதைப் போன்ற ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறவர்களைச் சின்னப் பிள்ளைகள் என்கிறோம். அனிமே என்ற ஜப்பானிய அசைபடங்களைப் பார்ப்பவர்கள் எங்கள் இரு தரப்பையும் மதிப்பதில்லை. அவர்களுக்குள்ளேயே மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக் கதைகளை வாசித்தவர், அனிமே மட்டும் பார்த்தவரை அரைகுறை என்கிறார். கணினியை இயக்க லினக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டிருக்கும் ஒரு நண்பர், வழமையான விண்டோஸ் வைத்திருக்கும் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார். பாடசாலையிலுள்ள மற்றவர்களோ எங்கள் அனைவரையும் சேர்த்து 'லூசுக் கூட்டம்' என்கிறார்கள். சிரிக்கப்படுகிற நாங்கள் ஏன் எங்களுக்குள்ளும் சிரித்துக்கொள்கிறோம்?
— உயர்தர மாணவர், தலவாக்கலை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான் பெரிதும் மதிப்பது 'நாங்கள்' என்ற சொல்லை. அவர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தால் அது ஒரு முறைப்பாடாகவே இருந்திருக்கும். நாங்கள் சிரிக்கிறோம் என்று நீங்கள் எழுதியிருப்பதால், நானும் என் பங்கை மறைக்காமல் சொல்ல வேண்டியவனாகிறேன்.

எழுபதுகளின் இறுதியில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். காம்பராவில் மின்சாரம் இல்லை. டோர்ச் பற்றரிகளில் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டி மட்டும் இருந்தது. இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு அதைக் காதோடு வைத்துக்கொண்டு, 25, 31, 41, 49 மீற்றர் என்ற சிற்றலை வரிசைகளில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் தொலைதூர நிலையங்களைத் தேடுவேன். பகலில், வளிமண்டலத்தின் உயரத்திலுள்ள அயன மண்டலத்தின் கீழடுக்கு உறிஞ்சிவிடுகிற அலைகள், சூரியன் மறைந்ததும் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, கடல்களையும் கண்டங்களையும் தாண்டி எங்கள் தகரக் கூரைக்குக் கீழே வந்து சேரும். ஒரு நிலையம் பிடிபட்டதும், சமிக்ஞையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளியிட்டு அறிக்கை எழுத வேண்டும். இந்தப் புள்ளி முறைக்குச் சின்போ என்று பெயர். அறிக்கை சரியாக இருந்தால், கேட்டதை உறுதிப்படுத்தும் கியூஎஸ்எல் அட்டையை அந்த நிலையம் அனுப்பி வைக்கும். ஜெர்மனியின் கொலோனிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் மொஸ்கோவிலிருந்தும் அப்படி எனக்கு அட்டைகள் வந்தன. தமிழ் ஒலிபரப்புகளை மட்டும் கேட்டு நிகழ்ச்சியைப் பாராட்டிக் கடிதம் எழுதும் நேயர்களை நான் ஒரு பொருட்டாகவே கருதவில்லை. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பவர்கள். நான் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கேட்பவன்.

அதே பெட்டியில் என் அக்கா, இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் நேயர் விருப்பப் பாடல்களைக் கேட்பார். அஞ்சலட்டையில் பாடலின் முதல் வரியையும் வீட்டிலுள்ளோர் பெயர்களையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி அனுப்பிவிட்டு, அறிவிப்பாளர் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லும் நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார். நான் அதைப் பாட்டுப் பைத்தியம் என்றேன். பற்றரியை வீணாக்குகிறார் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன். உலகத்தின் வரைபடத்தில் இல்லாத ஒரு லயத்துக் காம்பராவை எங்கோ இருக்கும் ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே ஏக்கத்தில்தான் அவரும் நானும் அஞ்சல் பெட்டிக்கு நடந்தோம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பின்னர் ஒருநாள், கண்டியில், பொழுதுபோக்காகத் தாமே வானொலியில் செய்தி அனுப்ப உரிமம் பெற்ற ஓர் அமெச்சூர் வானொலியாளரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இலங்கைக்குரிய 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறியும், குறுகிய, நீண்ட ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் சாவியும் சொந்தமாக வைத்திருந்தவர் அவர். என் அட்டைத் தொகுப்பில் இரண்டு பக்கங்களைப் புரட்டிவிட்டு, "கேட்பது மட்டும்தானா, அனுப்புவதில்லையா?" என்று கேட்டார். வேறெதுவும் சொல்லவில்லை. ஹட்டன்வரை புகையிரதத்தில் அந்தத் தொகுப்பை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டே வந்தேன். அந்த வலியால் நான் திருந்தினேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் அக்காவின் அஞ்சலட்டைகளை முன்பைவிட அதிகமாக ஏளனம் செய்தேன்.

உங்கள் கேள்விக்கான முதல் விடை அந்த இரவில் இருக்கிறது. தோட்டத்தில் இதை நாம் நாள்தோறும் கண்டிருக்கிறோம். துரை கணக்கப்பிள்ளையை ஏசுவார். கணக்கப்பிள்ளை கங்காணியை ஏசுவார். கங்காணி மலையில் நிற்பவரை ஏசுவார். மலையிலிருந்து இறங்கி வந்தவர் வீட்டில் இருப்பவர்களை ஏசுவார். மேலிருந்து வந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாதவர், கீழே ஒருவரைத் தேடி அதை இறக்கி வைக்கிறார். கீழே ஒருவரும் இல்லையென்றால் ஒரு கீழ்ப்படியை அவரே உருவாக்கிக்கொள்கிறார். உங்கள் கூட்டத்தைப் பாடசாலை முழுவதும் 'லூசு' என்கிறது. அந்தச் சொல் உங்களுக்குப் பொருந்தாது என்று காட்ட எளிய வழி, அது வேறு யாருக்குப் பொருந்தும் என்று சுட்டிக்காட்டுவதுதான்.

அந்த 'வேறு யாரோ' எப்போதும் பக்கத்தில் இருப்பவராகவே இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். கிரிக்கெட் விளையாடுகிறவர்களை நீங்கள் இளக்காரம் செய்வதாக எழுதவில்லை. உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கவனித்து, சிறு வேறுபாடுகளின் தன்மோகம் என்ற பொருள்பட ஒரு பெயரும் வைத்தார். ஸ்பானியரும் போர்த்துக்கேயரும், ஆங்கிலேயரும் ஸ்கொட்லாந்தியரும் போல, அண்டை அயலிலிருந்து பலவற்றில் ஒத்திருப்பவர்களே ஒருவரையொருவர் அதிகம் பரிகசிப்பதை 1930இல் அவர் உதாரணமாகக் காட்டினார். பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் உங்கள் அதிபரின் கண்ணுக்கு ஒன்றே: இரண்டிலும் ஆட்கள் பரசூட்டில் குதித்துச் சுட்டுக்கொள்கிறார்கள். வெளியே இருப்பவருக்கு வேறுபாடு தெரியாது என்பதாலேயே உள்ளே இருப்பவர் அதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கும் அடியில் இன்னொன்று உண்டு. அதைக் காட்டியவர் சமூக உளவியலாளர் ஹென்றி டஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதரான அவர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போர்க் கைதியாகி உயிர் தப்பினார். திரும்பி வந்தபோது அவருடைய குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தார்கள். மனிதர் ஏன் குழுக்களாகப் பிரிந்து பகை கொள்கிறார்கள் என்ற கேள்வி அவருக்கு வெறும் ஆய்வுத் தலைப்பாக இருந்திருக்க முடியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பாடசாலை மாணவர்களைக் கொண்டு அவர் நடத்திய சோதனைகள் 1970இல் வெளியாயின. திரையில் தோன்றிய புள்ளிகளைக் கூட்டி மதிப்பிட்டவர்கள், குறைத்து மதிப்பிட்டவர்கள் என்றோ, இரண்டு ஓவியர்களில் ஒருவரை விரும்பியவர்கள், மற்றவரை விரும்பியவர்கள் என்றோ சொல்லி மாணவர்களை இரு குழுக்களாக்கினார்கள். உண்மையில் அந்தப் பிரிப்பு எழுந்தமானமானது. தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியாது. பிறகு, தமக்கு எதுவும் கிடைக்காத வகையில், மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். மாணவர்கள் தம் குழுவைச் சேர்ந்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பது வியப்பில்லை. தம் குழுவுக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட அதிகமாகக் கிடைக்க வேண்டும் என்ற பங்கீட்டின் பக்கம் பலர் சாய்ந்தார்கள் என்பதுதான் என்னை இன்றும் தொந்தரவு செய்கிறது. பெயரளவிலான ஒரு கோடு கிழித்தவுடனேயே இவ்வளவும் நடந்தது. நீங்களோ ஒரு விளையாட்டில் நூற்றுக்கணக்கான மணிநேரத்தைப் போட்டிருக்கிறீர்கள். அதில் பெற்ற திறமைக்குக் கணினி அறைக்குப் பின்னால் உள்ள அந்தப் பத்தடி இடத்தில் மட்டுமே மதிப்பு உண்டு. வெளியே செல்லாத நாணயத்தை வைத்திருப்பவர், செல்லும் இடத்தில் அதன் மதிப்பு இறங்கிவிடாமல் காவல் காக்கத்தான் செய்வார்.

காரணம் தெரிந்துவிட்டால் பழக்கம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த முறை சிரிப்பு வாய்வரை வரும்போது, அன்று காலையில் உங்களைப் பார்த்து யார் சிரித்தார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாக முத்திரை சேர்த்து வருகிறேன். இன்றைய இளைஞர்கள் பறவை, பூ, விளையாட்டு என்று படத்தைப் பார்த்துச் சேர்க்கிறார்கள். துளைக் கணக்கு (ஓரத்துத் துளைகளின் எண்ணிக்கை), நீர்க்குறி (தாளுக்குள் மறைந்திருக்கும் குறி), அச்சுப் பதிப்பு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. சுட்டிக்காட்டினால் கர்வம் என்கிறார்கள். தரம் பார்ப்பதும் இளக்காரம் செய்வதும் ஒன்றா? நம் புலவர்களிடம் புலமைக் காய்ச்சல் இருந்ததால்தானே தமிழ் வளர்ந்தது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

பதில்: ஐயா, தரம் பார்ப்பது அவசியம் என்பதில் நான் உங்கள் பக்கமே நிற்கிறேன். 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளியான இலங்கையின் முதல் முத்திரையில் துளையே கிடையாது. கத்தரியால் வெட்டித்தான் ஒட்டினார்கள். பின்னாளில் துளையிட்டு வந்த முத்திரையின் ஓரத்தை வெட்டிவிட்டு, துளையில்லாத பழைய முத்திரை என்று விற்கும் மோசடியை, நீங்கள் சொல்லும் அந்தத் துளைக் கணக்கும் நீர்க்குறியும் தெரிந்தவரால்தான் பிடிக்க முடியும். அந்த அறிவு உங்களோடு நின்றுவிடக் கூடாது என்ற உங்கள் கவலை நியாயமானது.

ஆனால் தரமும் இளக்காரமும் பிரியும் இடம் ஒன்று உண்டு. அதை விளக்க நம் மலைநாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மாசியில் நடக்கும் காமன் பண்டிகையோடு சேர்ந்த லாவணியை நீங்கள் அறிவீர்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி. எரியவில்லை என்று ஒரு கட்சி. விடிய விடியப் பாட்டாலேயே மோதிக்கொள்வார்கள். எதிராளியின் கல்வியைக் கேள்வி கேட்பார்கள், பிழையைத் தோண்டி எடுப்பார்கள், மடக்குவார்கள். ஆனாலும் எரியாத கட்சிக்காரர் வராவிட்டால் எரிந்த கட்சிக்காரருக்கு அன்று மேடையில் வேலை இல்லை. அவருடைய பாட்டைக் கடைசி அடிவரை கேட்டால்தான் பதில் கட்ட முடியும். மோதல் எவ்வளவு கடுமையானாலும், எதிரில் இருப்பவர் இருக்க வேண்டியவர் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. இளக்காரம் எதிராளியின் பாட்டைக் கேட்பதில்லை. அவர் மேடைக்கு வரவே கூடாது என்கிறது. நீங்கள் குறிப்பிட்ட புலமைக் காய்ச்சலிலும் இந்த இரண்டு வகையும் இருந்திருக்கின்றன. எதிரியின் நூலை எழுத்தெண்ணிப் படித்து மறுப்பு எழுதியவர்களால் தமிழ் வளர்ந்தது என்பதை ஏற்கிறேன். தோற்ற புலவரின் காதைத் துறட்டியால் அறுத்ததாக வழங்கும் கதைகளில் எந்த வளர்ச்சியையும் நான் காணவில்லை.

மேடைக்கு வரவிடாமல் செய்வது எவ்வளவு பழமையானது என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். அறிவியல் புனைகதை விசிறிகளின் முதலாவது உலக மாநாடு 1939 ஜூலை 2ஆம் திகதி நியூயோர்க்கில் தொடங்கியது. அந்நாளில் அவ்வகைக் கதைகளை வாசிப்பவர்களை வெளியுலகம் சிறுபிள்ளைத்தனமானவர்களாகவே கருதியது. வந்திருந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர்தான். அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்திலும் ஏற்பாட்டாளர்கள், போட்டிக் குழு ஒன்றைச் சேர்ந்த ஆறு பேரை வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களில் ஃபிரெடரிக் போலும் சிரில் கோர்ன்புளூத்தும் டொனல்ட் வோல்ஹைமும் இருந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் துறையையே தாங்கிய எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் இவர்களே. முதல்முறையாக ஒரு கூரையின் கீழ் கூடிய அன்றே கதவையும் சாத்திவிட்டார்கள்.

என் பழைய துறையிலும் இது நடந்தது. சிற்றலையில் பேச விரும்பும் அமெச்சூர் வானொலியாளர் மோர்ஸ் தேர்வில் தேற வேண்டும் என்ற சர்வதேசக் கட்டாயம் 2003இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு உரிமம் பெற்றவர்களை, மோர்ஸ் தெரியாதவர்கள் என்றே பழையவர்களிற் சிலர் ஆண்டுக்கணக்கில் குறிப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 2017இல், கணினி வழியாகச் சுருக்கமான செய்திகளைப் பரிமாறும் எஃப்டி8 என்ற முறை வந்தது. காதுக்கு எட்டாத அளவு மெலிந்த சமிக்ஞையையும் கணினியே பிரித்தெடுத்துத் தருவதால், இனிக் கணினிகள்தாம் பேசிக்கொள்கின்றன, மனிதர் எங்கே என்று மோர்ஸ்காரரும் குரலில் பேசுபவரும் ஒன்றாகக் குறைபட்டார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர், பௌதிகவியலுக்காக 1993இல் நோபல் பரிசு பெற்றவர், தாமும் ஓர் அமெச்சூர் வானொலியாளர். அறிவுக் குறைவு என்று ஒருவரும் அவரைச் சொல்ல முடியாது. ஐயா, பழையவர்களின் இந்தக் குறையில் உண்மையான துக்கம் இருப்பதை நான் மறுக்கவில்லை. இரண்டு வருடம் காதைத் தீட்டிக் கற்ற ஒன்று இனித் தேவையில்லை என்று கேட்பது, கற்றவருக்கு இழப்புத்தான். அந்தத் துக்கத்தை, புதிதாக வந்தவரின் குற்றமாக மாற்றி அவர் தலையில் வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

பறவை முத்திரை சேர்க்கும் அந்தப் பிள்ளைகளிடம் உருப்பெருக்கியையும் துளை அளக்கும் அட்டையையும் ஒரு மாலைப் பொழுதுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரே படத்தில் இரண்டு வகைத் துளை இருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். எல்லோரும் உங்களைப் போல ஆகமாட்டார்கள்; ஒருவர் ஆகக்கூடும்.

கேள்வி: ஐந்து வருடங்களாக அனிமே பார்க்கிறேன், பாத்திரங்களை வரைகிறேன். ரியூசன் வகுப்புக்குப் படம் போட்ட சட்டை அணிந்து போனால் பையன்கள் சூழ்ந்துகொண்டு, "இது யார், எத்தனையாவது அத்தியாயத்தில் வருகிறார், சொல்" என்று பரீட்சை வைக்கிறார்கள். சரியாகச் சொன்னால் இன்னும் கடினமான கேள்வி கேட்கிறார்கள். புதிதாக வரும் பையன்களிடம் இப்படிக் கேட்பதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
— மாணவி, ஹட்டன்

பதில்: மகளே, அந்தப் பரீட்சைக்குச் சித்தி என்பது கிடையாது. ஒவ்வொரு சரியான விடைக்கும் அடுத்த கேள்வி கடினமாவதே அதற்குச் சான்று. உங்கள் அறிவை அளப்பது அவர்களுடைய நோக்கமாக இருந்திருந்தால் முதல் விடையோடு மகிழ்ந்து, பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்திருப்பார்கள்.

சாரா தோர்ன்டன் என்ற ஆய்வாளர், இங்கிலாந்தின் நடன விடுதிகளுக்குச் செல்லும் இளைஞர்களிடையே இருந்து பார்த்து, 1995இல் தம் ஆய்வை வெளியிட்டார். பணத்தைப் போலவே, எது நவீனமானது, எது அரிதானது என்று அறிந்திருப்பதும் ஒரு முதலாகி, அந்தச் சிறு வட்டத்துக்குள் மதிப்பை வாங்கித் தருகிறது என்று அவர் விளக்கினார். அவர் கண்ட இன்னொன்று உங்களுக்கு மிக நெருக்கமானது. தாம் உண்மையான இரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள், இரசனையற்ற கூட்டம் என்று ஒன்றைக் கற்பனை செய்து ஏளனம் செய்தார்கள். அந்தக் கற்பனைக் கூட்டத்துக்கு அவர்கள் கொடுத்த உருவம், கைப்பையைத் தரையில் வைத்து அதைச் சுற்றி ஆடும் சாதாரணக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளின் உருவம். இதை வாசித்தபோது எனக்கு என் அக்காவின் அஞ்சலட்டைகள் நினைவுக்கு வந்தன. பெட்டியும் ஒன்றே, காத்திருப்பும் ஒன்றே. ஆனால் நான் செய்தது அறிவியல், அவர் செய்தது பாட்டுப் பைத்தியம் என்று பெயர் பிரித்ததில், அவர் பெண் என்பதற்கும் பங்கு இருந்தது. வீட்டில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

நீங்கள் செய்யக் கூடியது இதுதான். பரீட்சைக்கு அமராதீர்கள். "உங்களுக்கு இதில் பிடித்த காட்சி எது?" என்று திருப்பிக் கேளுங்கள். உண்மையில் அந்தக் கதையை நேசிப்பவன் கேள்வியை மறந்து காட்சியைச் சொல்லத் தொடங்கிவிடுவான், அவனோடு பேசலாம். மற்றவர்கள் நகைத்துவிட்டு நகர்ந்தால் இழப்பு ஒன்றுமில்லை. வரைவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அத்தியாய எண்ணை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். ஒரு முகத்தைச் சரியாக வரைய உங்களுக்கு ஐந்து வருடம் ஆகியிருக்கிறது.

கேள்வி: எஞ்சின் இலக்கங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் எங்களை, புகையிரதப் படம் எடுப்பவர்கள் இலக்கப் பைத்தியங்கள் என்கிறார்கள். அவர்கள் படம் எடுப்பதோ விருப்பக்குறி வாங்குவதற்காக. யார் உண்மையான ஆர்வலர்?
— வாசகர், நானுஓயா

பதில்: இருவரும்தான். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடாவிலிருந்து வந்து, கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடிய எம்2 எஞ்சின்களில் எது எந்த நாளில் இந்த மலையேறியது என்பதை உங்கள் குறிப்பேடு சொல்லும். பட்டிப்பொலையின் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் பனிக்குள் அது எப்படி வந்தது என்பதைப் படம்தான் சொல்லும். பழைய எஞ்சினை நேசிப்பவர், சீனாவிலிருந்து வந்த நீல பவர்செட்டை (எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றாக இணைந்த வண்டியை) நேசிக்கும் சிறுவனைப் புறக்கணிப்பதையும் கேள்விப்பட்டேன். அந்தச் சிறுவன் கண் திறந்தபோது தண்டவாளத்தில் ஓடியது அதுதான். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் வண்டி வரும்போது தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பவரைக் கண்டியுங்கள். அது உயிர் பற்றிய விடயம். மற்றப்படி, ஒரு மாதக் குறிப்பேட்டை ஒரு மாதப் படங்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். படமெடுத்தவருக்கு இலக்கமும் திகதியும் கிடைக்கும், உங்களுக்கு முகம் கிடைக்கும்.

கேள்வி: நான் கொழுந்து பறிக்கிறேன். மகன் பத்தாம் வகுப்பு. நாங்கள் வாங்கிக் கொடுத்த சிறிய போனில் ஏதோ விளையாட்டு விளையாடி, நண்பர்களோடு சந்தோஷமாக இருந்தான். டவுன் பிள்ளைகள், அது நல்ல போன் இல்லாதவர்கள் விளையாடுகிற விளையாட்டு என்று கேலி செய்ததாம். இப்போது ஒருவரோடும் சேர்வதில்லை. பெரிய போன் வேண்டும் என்கிறான். சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அம்மா, வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தை மகனும் வாசிக்கும்படி விரிவாக எழுதுகிறேன்.

அவன் விளையாடியது ஃப்ரீ ஃபயராக இருக்க வேண்டும். 2017இல் வெளியான அந்த விளையாட்டு, நினைவகம் குறைந்த, விலை மலிவான கைத்தொலைபேசிகளிலும் இயங்கும்படி செய்யப்பட்டது. ஐம்பது பேர் இறங்கி, ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடியும். அடுத்த ஆண்டு கைத்தொலைபேசிக்கு வந்த பப்ஜியில் நூறு பேர், ஓர் ஆட்டம் அரை மணி நேரம்வரை நீளும். அதற்கு வலுவான கருவியும் நீடித்து நிற்கும் இணைப்பும் வேண்டும். டேட்டா கார்ட்டை எண்ணி எண்ணிப் போடுகிற வீட்டில், மழை பெய்தால் சிக்னல் போகிற மலையில், எந்த விளையாட்டு வாழும் என்பது இரசனையால் தீர்மானிக்கப்படவில்லை. எனினும் கேலி இரசனையின் பெயரால் வருகிறது. சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சொல்கிறவர், உன் போன் மலிவானது என்று சொல்லக் கூசுவார். விளையாட்டைச் சொல்லும்போது அந்தக் கூச்சம் வருவதில்லை. தமிழ்க் குரலில் அனிமே பார்ப்பவனை, ஆங்கில எழுத்தோடு பார்ப்பவன் இகழ்வதும் இவ்வாறே. அங்கே பேசப்படுவது கதையைப் பற்றியதல்ல, யாருக்கு ஆங்கிலம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பற்றியது.

நம்மைத் தோட்டக்காட்டான் என்று அழைத்தவர்கள் இருந்தார்கள். அதை என் தந்தை கேட்டார், நானும் கேட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளே, நாலு மைல் தள்ளியிருக்கும் டவுனுக்குக் குடிபோனதும், லயத்துப் பிள்ளையின் கையிலிருக்கும் கருவியைப் பார்த்து அதே பார்வையைப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரும் துயரம். விளையாட்டு, அனிமே, கணினி ஆகியவற்றில் மூழ்கியிருக்கும் பிள்ளைகளிடம் நான் வேறொன்றை எதிர்பார்த்தேன். அந்த உலகத்தில் தகப்பன் பெயரும் காம்பரா இலக்கமும் தெரிவதில்லை. கை வேகமும் கூர்மையும்தான் தெரியும். படியில்லாத ஓர் இடம் கிடைத்தும், அங்கும் படி கட்டுகிறோம்.

சீட்டுப் பணத்தில் பெரிய போன் வாங்கிக் கொடுத்தால் கேலி நிற்காது; அடுத்த வருடம் அதைவிடப் பெரியது வரும். கடன் உங்கள் கணக்கில் நிற்கும். அதற்குப் பதிலாக ஒன்று செய்து பாருங்கள். வேலை முடிந்து வந்த ஒரு மாலையில், அவன் பக்கத்தில் அமர்ந்து, அந்த விளையாட்டை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். எங்கே இறங்க வேண்டும், ஏன் அங்கே இறங்க வேண்டும் என்று கேளுங்கள். அவன் விளக்கும்போது இடையில் புத்திமதி சொல்லாதீர்கள். என் அம்மா ஒருமுறைகூட என் அட்டைகளைப் பார்த்ததில்லை. நேரம் இருந்திருந்தால் பார்த்திருப்பார். அவனோடு முன்பு விளையாடிய பிள்ளைகள் அதே லயத்திலும் பக்கத்து டிவிஷனிலும் இருப்பார்கள். அவர்களும் இதே கேலியைக் கேட்டிருக்கக்கூடும், தனித்தனியாக ஒதுங்கியிருக்கக்கூடும். அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுங்கள். உயர்தரத்துக்குப் போகும்போது படிப்புக்காகக் கணினி தேவைப்படும். சீட்டுப் பணத்தை அதற்கு வைத்திருங்கள்.

இந்தப் பக்கத்தின் முதல் கடிதத்தை எழுதிய தலவாக்கலை மாணவரும் இந்தக் கடைசிக் கடிதத்தைக் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் மகனுக்கு அவர் ஏதேனும் எழுத விரும்பினால், இதழின் முகவரிக்கு அனுப்பட்டும், நான் சேர்ப்பிக்கிறேன்.